சேன்-சிர்-லாபொப்பிக்கு நடப்பவர்களுக்கு எண்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சின் தென்மேற்கே, லொட் ஆற்றை ஒட்டிய பாறையின் உச்சியில் இருக்கும் சேன்-சிர்-லாபொப்பி கிராமத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். செங்குத்தான ஓட்டுக் கூரைகள், கல்வீடுகள், கீழே ஆறு வளைந்து போகும் அழகு எல்லாம் குறையில்லாமல் இருந்தன. ஆனால் சுற்றுவட்டார நடைப்பாதைகளுக்குக் கிடைத்தது ஒரே வரி: பெரியவர்களும் குழந்தைகளும் எளிதாகச் சுற்றிவரலாம். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், தண்ணீர் எங்கே, எந்தக் குறியைப் பார்த்து நடப்பது, திரும்பிவர வண்டி உண்டா என்ற விவரம் எதுவும் இல்லை. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து பிரான்சுக்கு வருகிறவர்களும், பாரிஸைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களும் இப்படிப்பட்ட கட்டுரையைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அவர்களுக்காக விடுபட்டவற்றை எழுதுகிறேன். இனிமேல் நடைப்பாதை பற்றி எது வந்தாலும் தூரம், மொத்த ஏற்றம், நடக்கும் நேரம், தண்ணீர் கிடைக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரு கட்டம் கட்டி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் குறிகள். பிரான்சில் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேலான நடைப்பாதைகளில் பெயிண்ட் குறி போட்டிருக்கிறார்கள். 1947-இல் தொடங்கிய ஒரு தேசியக் குழுதான் பின்னாளில் பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பாக வளர்ந்தது. இன்றும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தூரிகையும் டப்பாவுமாகப் போய் அந்தக் குறிகளைப் புதுப்பிக்கிறார்கள். வெள்ளைப் பட்டையும் அதன் கீழே சிவப்புப் பட்டையும் இருந்தால் அது ஜி.ஆர். எனப்படும் நெடும்பாதை, பல நாள் நடக்கும் பாதை. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. மஞ்சள் பட்டை மட்டும் இருந்தால் பி.ஆர்.; ஒரு நாளுக்குள், பெரும்பாலும் அரை நாளுக்குள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சிறு சுற்று. குடும்பத்தோடு போகிறவர்கள் தேட வேண்டியது இந்த மஞ்சளைத்தான்.

நிறத்தைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. பட்டைகள் கிடைமட்டமாக இருந்தால் நேரே போகலாம். பட்டைகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அது காட்டும் பக்கம் திரும்ப வேண்டும். அதே நிறங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழி நம்முடையது அல்ல. புதியவர்கள் தடுமாறுவது இந்தப் பெருக்கல் குறியில்தான். தூரத்தில் வெள்ளையும் சிவப்பும் தெரிந்ததுமே பாதை கிடைத்துவிட்டது என்று அதன் பின்னாலேயே போய்விடுகிறார்கள். பிரிவு வந்தால் நின்று இரு கிளைகளிலும் கண்ணை ஓட்ட வேண்டும். தவறான கிளையில் பெருக்கல் குறியும், சரியான கிளையில் சற்றுத் தள்ளி உறுதிப்படுத்தும் பட்டையும் இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்தும் ஒரு குறிகூடக் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த குறிவரை திரும்பிப் போவதே சரி. வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்ப் பாதையைப் பிடிக்கலாம் என்று நினைத்தால் முள்வேலியில் முடியும், அல்லது யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் முடியும்.

மரத்தில் இருக்கும் பெயிண்ட் எல்லாம் நடப்பவர்களுக்கானவை அல்ல. ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் சேர்ந்த குறி மலைச் சைக்கிள்காரர்களுக்கு. ஆரஞ்சுப் பட்டை குதிரையில் போகிறவர்களுக்கு. வெட்டப்போகும் மரங்களுக்கு வனத்துறையும் தோப்புக்காரர்களும் தங்கள் பங்குக்குப் புள்ளியும் கோடும் போடுகிறார்கள். குறி வைக்கும் இடமும் மாறும்: காட்டில் மரத்தில், ஊருக்குள் மின்கம்பத்தில் அல்லது சுவர் மூலையில், மரமில்லாத மேட்டில் தரையோடு கிடக்கும் கல்லில். கோடையில் இலை அடர்ந்து குறியை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் எழுதிய அந்தக் கிராமத்துக்கே வருகிறேன். அங்கே முதல் தடவை நடப்பவர்களுக்கு மிகப் பொருத்தமானது பூஸியெஸ் என்ற சிற்றூரிலிருந்து லொட் ஆற்றின் இடக்கரையோடு சேன்-சிர்-லாபொப்பிக்குப் போகும் பாதை. இது ஜி.ஆர்.36-இன் ஒரு துண்டு. வெள்ளை-சிவப்புக் குறியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு வழிக்கு நான்கைந்து கிலோமீட்டர். பெரும்பகுதி ஆற்றை ஒட்டிய சமதரை. கடைசியில்தான் கிராமத்துக்கு ஏற வேண்டும். கிராமம் ஆற்று மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

இடையில் சில நூறு மீட்டருக்குப் பாதை பாறையைக் குடைந்து செல்கிறது. நீங்கள் அச்சிட்ட படத்தில் இருந்தது அந்த இடம்தான். ஆனால் அது என்ன என்று எழுதவில்லை. லொட் வழியாகக் காவோர் வட்டாரத்து ஒயினும் மற்றச் சரக்குகளும் படகில் கரோன் ஆற்றுக்கும் அங்கிருந்து போர்தோவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம். எதிர்நீரில் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி மனிதர்களோ குதிரைகளோ இழுக்க வேண்டும். இந்த இடத்திலோ செங்குத்துப் பாறை நேராக ஆற்றில் இறங்குகிறது. கால் வைக்கக் கரையே இல்லை. அதனால் 1840-களில் பாறையின் அடிவயிற்றை வெட்டி வழி செய்தார்கள். பின்னர் ரயில் வந்து படகுப் போக்குவரத்து ஓய்ந்துபோனது. வெட்டிய வழி மட்டும் இன்று நடப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. பாறைச் சுவரில் காணும் மீன், சிப்பிப் புடைப்புச் சிற்பங்களைப் படகுக்காரர் காலத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். அவை 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்டவை.

அழகான இந்த இடத்தில்தான் கவனமும் அதிகம் வேண்டும். ஆற்றுப் பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கும் என்று எண்ணிக் குழந்தையின் கையை விட்டுவிடக் கூடாது. கல்தரை மேடுபள்ளமானது, குழந்தைத் தள்ளுவண்டிக்கு ஒத்துவராது. மழை பெய்த மறுநாளும் பாசி வழுக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தாலோ மேலிருந்து கல் சரிந்தாலோ நகராட்சி இந்தப் பகுதியை மூடிவிடும்; புறப்படுமுன் கிராமத்துச் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூடல் பலகையைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கள் பாறை ஏன் சரிகிறது என்பதை யோசிப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லின் விரிசலில் மழைநீர் இறங்குகிறது, குளிரில் உறைந்து விரிகிறது, வெயில் வந்ததும் பிளவு தளர்கிறது. வானம் தெளிந்த நாளிலும் கல் விழும்.

நேரக் கணக்குக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டர் சமதரையாக எண்ணித் தூரத்தோடு கூட்டுங்கள். போக வர 10 கிலோமீட்டர், ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து 150 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் 11.5. பிரெஞ்சுப் பலகைகள் பொதுவாக மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்றுதான் நேரம் போடுகின்றன. அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. ஆனால் குழந்தைகளோடும் அறுபதைக் கடந்தவர்களோடும் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று எடுப்பதே நியாயம். அப்போது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். உட்கார்வது, சாப்பிடுவது, படம் எடுப்பது எல்லாம் இதற்கு வெளியே. பலகையில் எழுதிய நேரத்தில் ஓய்வு கிடையாது என்பது தெரியாமல்தான் பலர் மாலைப் பேருந்தைத் தவறவிடுகிறார்கள்.

பிரான்சின் தேசிய வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் கடுமை, விலகியிருந்தால் இலகு. பாதை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணினால் ஏற்றம் எவ்வளவு என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். கோட்டுக்குக் கோடு எத்தனை மீட்டர் என்பது ஓரத்தில் அச்சிட்டிருக்கும். கைபேசியில் நம்பிக்கை வைப்பவர்கள் வரைபடத்தை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். லொட், செலே ஆறுகளின் பள்ளத்தாக்கில் பாறை இருபுறமும் நிற்பதால் அலைவரிசை அடிக்கடி அறுந்துபோகும்.

ஆற்றங்கரையை விட்டு மேலே ஏறினால் உலகமே மாறிவிடும். அந்த வறண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அங்கே கோஸ் என்கிறார்கள். கேர்சி வட்டாரத்துக் கோஸ் நிலங்கள் 1999 முதல் வட்டார இயற்கைப் பூங்கா. 2017-இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆகவும் ஆயின. குட்டையான ஓக் மரங்கள், சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், மேய்ப்பர்கள் ஒதுங்கக் கட்டிய கூம்புக்கூரைக் கல்குடில்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்பாக மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் இருக்கும் வெள்ளைச் செம்மறிகள். நடப்பதற்கு இதைவிட இனிய நிலம் பிரான்சில் குறைவு என்பது என் கருத்து. மேலே வந்துவிட்டால் பெரிய ஏற்றமும் இல்லை.

ஆனால் தண்ணீர் இல்லை. பெய்யும் மழை முழுவதும் கல்லின் விரிசல்கள் வழியாக நிலத்தடிக்குப் போய், எங்கோ பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவருகிறது. மேட்டில் ஓடை கிடையாது. பாறையில் வெட்டிய பழைய குட்டைகள் தென்படும். அவை ஆட்டுக்கு, மனிதர் குடிக்க அல்ல. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அரைநாள் நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது; வெயில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. குழாயில் ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கத் தகாத நீர். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். நெடும்பாதை நடப்பவர்கள் அங்கேதான் குப்பியை நிரப்புகிறார்கள். அங்கேயும் அறிவிப்பைப் பார்த்துவிட்டே குடிக்க வேண்டும். தண்ணீர் போன வழியெல்லாம் நிலம் உள்ளீடற்று, இக் என்று அழைக்கப்படும் ஆழ்குழிகள் வாய் திறந்து கிடக்கின்றன. விளிம்பில் புதர் மண்டியிருப்பதால் எங்கே தரை முடிகிறது என்பது தெரியாது. பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு காரணம் சட்டம். கிராமத்துப் பாதைகளில் பல, ஊராட்சிக்குச் சொந்தமான பொதுவழிகள். மற்றவை தனியார் நிலத்தின் ஊடே, உரிமையாளரின் சம்மதத்தோடு போகின்றன. எவையெவை நடைப்பாதைகள் என்று பட்டியலிட்டுக் காக்கும் பொறுப்பு 1983 முதல் மாவட்ட மன்றங்களுடையது. பட்டியலில் உள்ள ஊர்ப்பாதையை விற்க வேண்டுமானால் அதற்கு ஈடாக வேறு வழி காட்டியே ஆக வேண்டும். வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதாலேயே அதில் நடக்க உரிமை வந்துவிடாது. தனியார் இடம் என்று தெளிவாகக் குறித்திருக்கும் காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ அனுமதியின்றி நுழைந்தால் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. ஓக் மரத்தைச் சுற்றி நெருப்பு வைத்ததுபோல் புல்லே இல்லாத வட்டம் தெரிந்தால் அங்கே மண்ணுக்கடியில் கருப்பு ட்ரஃபிள் காளான் விளையலாம். லால்பாங்க் ஊரில் குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் காளானுக்கென்றே சந்தை கூடுகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அந்த வட்டத்துக்குள் இருக்கலாம். கால் வைக்காதீர்கள், கிளறாதீர்கள். கல்சுவரில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். சாந்து இல்லாத சுவர், ஒரு கல் நழுவினால் பக்கத்துக் கற்களும் சரியும்.

மேய்ச்சல் வேலியின் கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். மின்வேலியில் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். மந்தையோடு காவல்நாய் இருந்தால் ஓடாமல், கையை ஓங்காமல், மெல்லச் சுற்றிப் போங்கள்.

வேட்டைக் காலத்தைப் பற்றி உங்கள் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. அதைவிட, செப்டம்பர் கடைசியில் போவதே சிறப்பு என்று எழுதியிருந்தது. செப்டம்பர் நல்ல மாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொது வேட்டை அந்த மாதத்தின் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி இறுதிவரை நடக்கிறது. காட்டுப்பன்றி வேட்டை அதற்கும் முன்பே தொடங்கிவிடும். ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை வழியில் நின்றால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே வேறு வழியை எடுக்க வேண்டும், அல்லது நிற்கும் வேட்டைக்காரரிடம் பேசி வழி கேட்க வேண்டும். சாலைப் பணியாளர் போடும் ஆரஞ்சு மேற்சட்டை பத்து யூரோவுக்குள் கிடைக்கும். அந்த மாதங்களில் பச்சை, பழுப்பு உடைகளைத் தவிர்த்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலாவை மட்டும் மனதில் வைத்து நடப்பதானால் மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை எல்லா வகையிலும் மேல். ஜூன் கடைசியில் ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும்.

அந்தப் பருவத்தின் தொல்லை உண்ணி. உயர்ந்த புல்லின் நுனியில் காத்திருந்து காலில் தொற்றிக்கொள்ளும். லைம் நோய் இதன் வழியாகத்தான் வருகிறது. முழுக்கால் சட்டையை காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்கு மயிர்க்கோடு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் எண்ணெய், நெருப்பு, ஸ்பிரிட் எதுவும் வைக்காதீர்கள். மருந்துக்கடையில் ‘தீர்-திக்’ என்று கேட்டால் சிறு கொக்கி தருவார்கள். அதைத் தோலோடு ஒட்டிச் செருகி மெல்லச் சுழற்றினால் தலையோடு வந்துவிடும். கடித்த இடத்தையும் தேதியையும் குறித்து வைத்து, ஒரு மாதத்துக்குள் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலணிக்குப் பெரிய செலவு தேவையில்லை. அடியில் ஆழமான பிடிப்பு வேண்டும், நுனியில் ஒரு விரல் இடைவெளி வேண்டும்; இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது இடைவெளி இல்லாததால்தான். கோஸ் மேட்டின் உருளும் கல்லில் செருப்பும் தட்டை அடி ஷூவும் கணுக்காலைப் பிசகவைக்கும்.

சாப்பாட்டில் நம்மவர் ஏமாறுவது நேரத்தால். கிராமத்து உணவகம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை மட்டுமே மதியச் சாப்பாடு தரும். கடைகள் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரைகூட மூடியிருக்கும். ஞாயிறு மாலையும் திங்களும் பல ஊர்களில் ஒன்றுமே கிடைக்காது. காலையிலேயே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், உப்பிட்ட கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த ஊர் சாலட்டில் வாத்தின் இரைப்பையோ பன்றித் துண்டோ இருக்கும். அவற்றை இறைச்சி என்று கணக்கில் கொள்ளாதவர்களும் உண்டு. ‘ஸான் வியாந்த், ஸான் லார்தோன், ஸான் புவாஸோன்’ (இறைச்சி இல்லாமல், பன்றித் துண்டு இல்லாமல், மீன் இல்லாமல்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதற்கு முன் ‘போன்ழூர்’. கடைக்குள் நுழையும்போதும் பாதையில் எதிரே ஒருவர் வரும்போதும் அந்த வணக்கத்தைச் சொல்லாமல் போவதை அங்கே அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தங்குமிடம் பதிவு செய்வோர் சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘ழீத் தெதாப்’ நடப்பவர்களுக்கான விடுதி, ஓர் இரவுக்கு ஒரு படுக்கை எடுக்கலாம். வெறும் ‘ழீத்’ என்றால் முழு வீடு. கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமைவரை வாரக் கணக்கில்தான் தருவார்கள். பக்கத்தில் கப்ரெரே ஊரின் பெஷ் மெர்ல் குகை ஓவியங்களையும் நடையோடு சேர்க்க நினைப்பவர்கள், செலே ஆற்றோடு வந்து பூஸியெஸில் ஜி.ஆர்.36-ஐச் சேரும் ஜி.ஆர்.651-ஐப் பயன்படுத்தலாம். 1922-இல் கண்டறியப்பட்ட அந்தக் குகைக்குள் ஒரு நாளில் விடும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முன்பதிவு இல்லாமல் நடந்து போய் நின்றால் திரும்ப வேண்டியதுதான்.

போக்குவரத்துக்குப் பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறிக் காவோரில் இறங்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஃபிழாக் போகும் பேருந்து ஆற்றின் வலக்கரைச் சாலையில் செல்கிறது. தூர்-த-ஃபோரில் இறங்கிப் பாலத்தைக் கடந்து ஏறினால் சேன்-சிர்-லாபொப்பி. பேருந்து நாளுக்குச் சில தடவைதான், ஞாயிறும் பண்டிகை நாளும் அதனினும் குறைவு. பள்ளி நாட்களுக்கு ஒரு அட்டவணை, விடுமுறைக்கு வேறொன்று. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எது இன்றைக்கு என்று பார்க்க வேண்டும். கடைசிப் பேருந்து போய்விட்டால் கையைக் காட்டி நிறுத்த டாக்சி வராது. முந்தின நாளே விடுதிக்காரரிடம் சொல்லி ஒரு டாக்சியின் எண்ணை வாங்கித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் அவசர உதவிக்கு 112 என்றும், பேச முடியாத நிலையில் குறுஞ்செய்திக்கு 114 என்றும் எழுதுங்கள். உதவிக்கு அழைக்கும்போது கடைசியாகக் கடந்த வழிகாட்டிக் கம்பத்தில் இருந்த இடப்பெயரைச் சொன்னால் தேடி வருவது எளிது. கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அந்தப் பெயர் கையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகர்